மூன்றாவது பிளக்கும் கருகிய பிறகு வாங்கிய வாட் மீட்டர்

கீசர் பிளக்கை உருவினால் மூன்று பின்னில் ஒன்று மட்டும் கறுத்திருந்தது. அதைச் சுற்றியிருந்த வெள்ளை பிளாஸ்டிக் பழுப்பேறி, அப்பளம் பொரிந்த மாதிரி கொப்புளித்திருந்தது. பதினோரு மாதத்தில் இது மூன்றாவது பிளக். முதல் இரண்டு தடவையும் வந்த எலக்ட்ரீஷியன் தம்பி புது பிளக் போட்டுவிட்டு, "கீசர் லோடு ஜாஸ்தியா இழுக்குதுங்க்கா, காயிலை மாத்திருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். பிளம்பர் சொன்னது வேறு: "போர் தண்ணிங்க. காயில்ல உப்பு படிஞ்சா கரண்ட் டபுளா இழுக்கும்." எதற்கு வம்பு, புது கீசரே வாங்கிவிடலாம் என்றார் வீட்டுக்காரர்.

அதிகமாக இழுக்கிறது என்றால் எவ்வளவு? எட்டு ஆம்பியரா, பத்தா, பதினைந்தா? கேட்ட யாரிடமும் எண் இல்லை. அந்த எண்ணுக்காகத்தான் இந்த மீட்டரை வாங்கினேன். ஐந்து மாதமாகக் கையில் இருக்கிறது. வாங்கலாமா என்று யோசிப்பவர்களுக்காக, அது எனக்கு என்ன காட்டியது, எதைக் காட்டவில்லை என்பதை எழுதுகிறேன்.

என்னைப் பற்றி ஒரு வரி. கோயம்புத்தூர் சிங்காநல்லூரில் வீட்டை ஒட்டி இட்லி மாவுக் கடை வைத்திருக்கிறேன். பி.எஸ்சி. இயற்பியல் படித்து இருபத்தைந்து வருஷம் ஆகிறது. ஓம் விதி மறக்கவில்லை. ஆனால் அதை வீட்டுக் கீசரில் போட்டுப் பார்க்கும் வாய்ப்பு அதுவரை வரவில்லை.

பொருள் இதுதான்: உள்ளங்கை அளவு பெட்டி. பின்பக்கம் 16 ஆம்ஸ் பின், முன்பக்கம் 16 ஆம்ஸ் சாக்கெட். சுவர் பாயிண்டில் இதைச் செருகி, இதில் கீசரையோ அயர்ன் பாக்ஸையோ செருக வேண்டும். ஒரு பட்டனை அமுக்க அமுக்க வோல்ட், ஆம்பியர், வாட், பவர் ஃபேக்டர் (அது என்ன என்று கிரைண்டரிடம் வரும்போது சொல்கிறேன்), இதுவரை ஓடிய யூனிட் என்று மாறி மாறிக் காட்டும். டவுன்ஹால் பக்கம் ஒரு எலக்ட்ரிக்கல் கடையில் 850 ரூபாய்க்கு வாங்கினேன். பெரிய கம்பெனிப் பெயர் எதுவும் இல்லை.

அதற்கு முன் ஆன்லைனில் ஒன்று வாங்கித் திருப்பி அனுப்பினேன். அதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பலரும் மாட்டிக்கொள்ளும் இடம் அதுதான். அதில் எல்லா நாட்டு பிளக்கும் நுழையும் பொதுச் சாக்கெட் இருந்தது. நம் 16 ஆம்ஸ் பிளக்கின் பின் 7 மில்லிமீட்டர் தடிமன். 6 ஆம்ஸ் பின் 5 மில்லிமீட்டர். இரண்டும் நுழைகிற ஓட்டை இரண்டையும் இறுக்கிப் பிடிக்காது. கீசர் பிளக் அதில் ஆடியது. பத்து நிமிஷத்தில் சூடான பிளாஸ்டிக் வாசனை வந்தது, நிறுத்திவிட்டேன். பணம் திரும்ப வந்தது. நீங்கள் வாங்கும்போது உங்கள் 16 ஆம்ஸ் பிளக்கைக் கடைக்குக் கையோடு எடுத்துப் போய்ச் செருகிப் பாருங்கள். உருவும்போது கொஞ்சம் பலம் தேவைப்பட வேண்டும். மற்ற வசதிகளை அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

சரி, கீசருக்கு வருகிறேன். குளியலறை சாக்கெட் உயரத்தில் இருக்கிறது. ஸ்டூல் போட்டு ஏறி மீட்டரைச் செருகினேன். மகன் கீழே நோட்டும் பேனாவுமாக நின்றான். பத்தாம் வகுப்பு, அறிவியல் புத்தகத்தில் மின்னோட்டவியல் பாடம் அப்போதுதான் நடந்துகொண்டிருந்தது. கீசரைப் போட்டதும் நான் படிக்க, அவன் எழுதினான்: 213.1 வோல்ட், 8.01 ஆம்பியர், 1,707 வாட், பவர் ஃபேக்டர் 1.00.

"ஏம்மா, கீசர் மேல 2000 வாட்னு போட்டிருக்கு. 1700 தான் வருது. ஏமாத்திட்டாங்களா?"

அவன் கேட்டது நியாயமான கேள்வி. லோடு அதிகம் என்றார்கள், மீட்டரோ குறைவாகக் காட்டுகிறது. பதில் கீசரின் தகட்டிலேயே இருந்தது: 230 வோல்ட், 2000 வாட். கீசர் கம்பெனி 2000 வாட் தருவதாகச் சொல்வது 230 வோல்ட் வந்தால்தான். அந்தக் காயிலின் மாறாத குணம் வாட்டும் அல்ல, ஆம்பியரும் அல்ல; அதன் மின்தடை, அதாவது கரண்டை எவ்வளவு தடுக்கிறது என்பது, ஓம் கணக்கில். மின்தடையை இந்த மீட்டர் காட்டாது. நாம்தான் கணக்குப் போட வேண்டும், இரண்டு வழியில்.

தகட்டிலிருந்து: வோல்ட்டை வோல்ட்டாலேயே பெருக்கி வாட்டால் வகுக்க வேண்டும். 230 × 230 ÷ 2000 = 26.45 ஓம். மீட்டரிலிருந்து: வோல்ட்டை ஆம்பியரால் வகுக்க வேண்டும். 213.1 ÷ 8.01 = 26.60 ஓம்.

மகன் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி அடிக்கோடு போட்டான். வித்தியாசம் ஒரு சதவீதம் கூட இல்லையே. காயில் பிறந்த நாளில் எப்படி இருந்ததோ அப்படியே இருக்கிறது. 'டபுளா இழுக்க' வேண்டும் என்றால் அது 13 ஓம் ஆகியிருக்க வேண்டும். உப்பு படிந்தால் காயிலின் சூடு தண்ணீருக்குப் போவது தடைப்பட்டு, காயில் உள்ளுக்குள் அதிகமாகக் காய்ந்து ஆயுசு குறையும். அது உண்மை. ஆனால் உப்பு, இழுக்கும் கரண்டை இரட்டிப்பாக்காது.

காயில் மாற்றும் செலவு இந்த இடத்திலேயே மிச்சமானது. பிளக் ஏன் கருகுகிறது என்பது மட்டும் இன்னும் தெரியவில்லை.

அதற்கு மீட்டரின் முதல் எண்ணைத்தான் பிடித்தேன், வோல்ட்டை. கீசர் அணைந்திருக்கும்போது அதே சாக்கெட்டில் 222.4. போட்டதும் 213.1. ஒன்பது வோல்ட் எங்கோ விழுகிறது. எங்கே? தெருக் கம்பத்திலிருந்து வரும் வயரில் கொஞ்சம் விழும், வீட்டு வயரில் கொஞ்சம் விழும். இரண்டையும் பிரிக்க, மீட்டரைச் சமையலறைக்கு எடுத்துப் போனேன். கீசரை நேராகச் சுவரில் செருகி, மகனை அங்கே சுவிட்சைப் போட்டுப் போட்டு அணைக்கச் சொன்னேன். சமையலறையில் 222.1, கீசர் போட்டதும் 220.0. ஐந்து தடவை செய்தோம். ஐந்து தடவையும் இரண்டு வோல்ட்டை ஒட்டித்தான் இறங்கியது.

அப்படியானால் வெளியிலிருந்து டிபி பாக்ஸ் (வீட்டுக்குள் கரண்ட் பிரிந்து போகும் பெட்டி) வரை விழுவது 2 வோல்ட். மீதி 7 வோல்ட் டிபி பாக்ஸிலிருந்து குளியலறை வரையிலான பாதையில் மட்டும் விழுகிறது. அந்தப் பாதை 12 மீட்டர். போக வர 24 மீட்டர். ரெண்டரை எம்எம் காப்பர் வயர் ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 8 ஓம். 24 மீட்டருக்கு 0.19 ஓம். 8 ஆம்பியர் ஓடினால் ஒன்றரை வோல்ட்தான் விழ வேண்டும். ஐந்தரை வோல்ட்டுக்குக் கணக்கு உதைக்கிறது.

ஐந்தரை வோல்ட் என்றால் கேட்பதற்கு ஒன்றுமில்லாத மாதிரி இருக்கும். வாட்டாக மாற்றிப் பாருங்கள். 5.5 × 8 = 44 வாட். ஈயத்தை உருக்கிப் பற்றவைக்கும் சாதாரண சால்டரிங் அயர்ன் 25 வாட். கிட்டத்தட்ட இரண்டு சால்டரிங் அயர்னை அந்த சாக்கெட்டுக்குப் பின்னால் ஒளித்து வைத்து, தினமும் காலையில் இருபது நிமிஷம் எரியவிட்டுக்கொண்டிருந்தோம். இந்த எண் வந்ததும் கீசரை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, அன்றைக்கு எல்லோரும் அடுப்பில் தண்ணீர் காய வைத்துக் குளித்தோம்.

மறுநாள் அதே தம்பியைக் கூப்பிட்டேன். புது பிளக்கைக் கையில் எடுத்துக்கொண்டே வந்தார்.

"தம்பி, பிளக் வேண்டாங்க. மெயினை அணைச்சுட்டு சாக்கெட்டைக் கழட்டுங்க. நியூட்ரல் ஸ்குரூவைப் பாக்கோணும்."

"அங்கதான்னு எப்படிங்க்கா சொல்றீங்க?"

"அந்தப் பக்கத்துப் பின்னுதானே மூணு தடவையும் கருகுச்சு."

கழற்றினார். நியூட்ரல் வயரின் முனையில் தாமிர இழைகள் நாவல்பழ நிறத்தில் இருந்தன. ஸ்குரூ இழைகளைக் கடிக்காமல், மேலே இருந்த பிளாஸ்டிக் உறையில் பாதி ஏறி நின்றிருந்தது. விரலால் தொட்டதும் வயர் கழன்று வந்துவிட்டது. சாக்கெட்டுக்குள் இருந்த பித்தளை நாக்கும் சூட்டில் விறைப்பு இழந்து விரிந்திருந்தது. தம்பி ஒன்றும் பேசவில்லை. வயரை இரண்டு அங்குலம் வெட்டி, புதிதாக உரித்து, இழைகளை முறுக்கி மடித்து, புது சாக்கெட்டில் இறுக்கி, இழுத்துப் பார்த்தார். பிறகு சொல்லாமலே ஃபேஸ் ஸ்குரூவையும் எர்த் ஸ்குரூவையும் அரைச் சுற்று இறுக்கினார். அந்தக் கவனம் அவரிடம் எப்போதும் உண்டு. முந்தைய இரண்டு தடவையும் நாங்கள் காட்டியது பிளக்கைத்தான், அவர் மாற்றியதும் பிளக்கைத்தான்.

புது சாக்கெட்டில் மீட்டர்: அணைந்திருக்கும்போது 222.3, போட்டால் 218.6. ஆம்பியர் 8.22, வாட் 1,797. விழுவது 3.7 வோல்ட், அதில் 2 வெளியே, ஒன்றரைக்குக் கொஞ்சம் மேல் வயரில். கணக்கு ஒட்டிவிட்டது. 218.6-ஐ 8.22-ஆல் வகுத்தால் மறுபடி 26.6 ஓம். அன்றைக்கு எனக்குக் கிடைத்த சந்தோஷத்தைச் சொல்லிப் புரியவைக்க முடியாது. கல்லூரி லேபில் வராத விடையை வரவைத்து எழுதிய நாட்களும் உண்டு. இது தானாக வந்து நின்றது.

இந்தச் சோதனையில் ஒரு ஆபத்து உண்டு, அதையும் சொல்ல வேண்டும். கருகிய சாக்கெட்டில் மீட்டரைச் செருகினால் மீட்டரின் பின்னும் சூடாகும். நான் ஒவ்வொரு தடவையும் ஒரு நிமிஷத்துக்கு மேல் ஓடவிடவில்லை. ஈரக் கையோடு, ஈரத் தரையில் நின்று செய்யவே கூடாது. சாக்கெட்டைத் திறக்கும் வேலையைத் தொழில் தெரிந்தவரிடம் விட்டுவிடுங்கள்.

அதே கீசரை மாலையிலும் அளந்தோம். எங்கள் வீடு தெருவின் கடைசி. ஏழு மணிக்கு வோல்டேஜ் இறங்கும். ஒரு நாள் 198.2 வோல்ட், 7.45 ஆம்பியர், 1,477 வாட். வகுத்தால் அதே 26.6. வோல்டேஜ் ஒன்பது சதவீதம் குறைந்தால் வாட் பதினெட்டு சதவீதம் குறைகிறது. காரணம், வோல்டேஜ் குறைந்தால் ஆம்பியரும் சேர்ந்து குறைகிறது. வாட் இரண்டையும் பெருக்கி வருவதால் இரண்டு அடியும் அதன் மேல் விழுகிறது. காலையில் 18 நிமிஷத்தில் அணையும் கீசர் மாலையில் 22 நிமிஷம் எடுத்தது. மாமியார் "சாயங்காலம் சுடு தண்ணி வர நேரமாகுது" என்று பல நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் சொன்னது சரிதான் என்று நோட்டைக் காட்டினேன். ஆனால் யூனிட்டைப் பார்த்தால் காலையிலும் 0.54, மாலையிலும் 0.54. தண்ணீருக்குத் தேவையான சூடு ஒன்றுதான். லோ வோல்டேஜில் நேரம்தான் போகும், கீசருக்கு ஈபி பில் ஏறாது.

இங்கே ஓமை நினைக்காமல் இருக்க முடியவில்லை. கேயார்க் சீமோன் ஓம், பூட்டுத் தொழிலாளியின் மகன். கொலோன் நகரத்தில் பள்ளி ஆசிரியராக இருந்துகொண்டே இந்த அளவீடுகளைச் செய்தார். அவருக்கும் எங்கள் தெருவின் தொல்லைதான்: அவருடைய மின்கலங்கள் ஓடும்போதே வலு இழந்தன. கடைசியில் பிஸ்மத்தையும் தாமிரத்தையும் சேர்த்து, ஒரு முனையைக் கொதிக்கும் நீரிலும் மறு முனையை ஐஸிலும் வைத்து, ஆடாத மின்னழுத்தத்தை உண்டாக்கிக்கொண்டார். 1827-இல் புத்தகமாக வந்தது. சொந்த நாட்டில் உடனே மதிக்கவில்லை. லண்டன் ராயல் சொசைட்டி 1841-இல் காப்ளி பதக்கம் தந்தது. அதே காலத்தில்தான் இங்கிலாந்தின் இயற்பியலாளர் ஜூல், வயரில் உண்டாகும் சூடு கரண்டின் இருமடிக்கும் மின்தடைக்கும் ஏற்ப இருக்கும் என்று அளந்து சொன்னார். எங்கள் நியூட்ரல் ஸ்குரூவில் நடந்தது அதுதான். மகனுக்கு ஒரே நாளில் இரண்டு பேரும் புரிந்தார்கள்.

மீட்டர் காட்டாத மின்தடையை நேராக அளக்க, கடைகளில் தொங்கும் மஞ்சள் நிற டிடி 830டி மல்டிமீட்டர் போதும். அதில் ஒன்றைக் கவனியுங்கள்: அதன் 10 ஆம்பியர் துளை டிசிக்கு மட்டும். வீட்டுக் கரண்டின் ஆம்பியரை அதில் அளக்கப் போகாதீர்கள். அந்த வேலைக்கு அது செய்யப்படவில்லை. ஓம் அளக்க மிக நன்று. கீசர் பிளக்கைச் சுவரிலிருந்து உருவிவிட்டு, 200 ஓம் நிலையில் வைத்து, முதலில் இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொட வைத்தேன்: 0.4. அது மல்டிமீட்டர் வயரின் சொந்தத் தடை. பிறகு கீசரின் ஃபேஸ், நியூட்ரல் பின்களில் வைத்தேன்: 26.9. கழித்தால் 26.5. கணக்கில் வந்ததும் கையில் அளந்ததும் ஒன்று. 750 வாட் அயர்ன் பாக்ஸிலும் இப்படித்தான்: கணக்கு 70.5, அளவு 70-ஐ ஒட்டி.

இந்த வெற்றியில் மகன் பூஜை அறையிலிருந்த பழைய 60 வாட் குண்டு பல்பை எடுத்து வந்தான். அளந்தால் 64 ஓம். தாளில் கணக்கு: 230 × 230 ÷ 60 = 882 ஓம். அவன் முகம் மாறிவிட்டது. "மல்டிமீட்டர் கெட்டுப்போச்சா?" இல்லை. கீசரிலும் அயர்ன் பாக்ஸிலும் இருக்கும் நிக்ரோம் கம்பி சூடானாலும் தடை பெரிதாக மாறாது. பல்பில் இருப்பது டங்ஸ்டன். வெள்ளையாக ஒளிரும் சூட்டில் அதன் தடை பத்துப் பன்னிரண்டு மடங்குக்கு மேல் ஏறிவிடும். குளிர்ந்த பல்பை அளந்து வாட் கணக்குப் போட்டால் 827 வாட் என்று வரும், முழுத் தப்பு. பல்பை மீட்டரில் செருகி, எரியும்போது வோல்ட்டையும் ஆம்பியரையும் எடுத்து வகுத்தோம். 870-க்குப் பக்கத்தில் வந்தது. பொருள் வேலை செய்துகொண்டிருக்கும்போதே அளப்பதால்தான் இந்தப் பெட்டி மல்டிமீட்டரைவிட எனக்கு மேல்.

கடையில் கிரைண்டரிடம் போனபோது வேறு பாடம் காத்திருந்தது. கடைக்குத் தனி சர்வீஸ். அரை எச்பி மோட்டார் போட்ட டில்டிங் கிரைண்டர், உளுந்து அரைபடும்போது: 219 வோல்ட், 2.9 ஆம்பியர், 432 வாட். பெருக்கிப் பாருங்கள், 219 × 2.9 = 635. ஆனால் மீட்டர் 432 என்கிறது. எது சரி? இரண்டும். நான்காவது எண்ணான பவர் ஃபேக்டர் 0.68 என்று காட்டுவதற்குக் காரணமே இதுதான், 635-ஐ 0.68-ஆல் பெருக்கினால் 432. மோட்டாரின் சுருள் ஒவ்வொரு அலையிலும் கொஞ்சம் சக்தியை வாங்கிக் காந்தமாக வைத்திருந்து, வயரிலேயே திருப்பி அனுப்புகிறது. அந்தப் போக்குவரத்தை வயர் சுமக்கும், யூனிட் கணக்கில் அது சேராது.

அதனால் மோட்டாரில் வோல்ட்டை ஆம்பியரால் வகுத்து வருவதை மின்தடை என்று எழுதிவிடாதீர்கள். எங்கள் கிரைண்டருக்கு அப்படி வகுத்தால் 75 ஓம் வரும். மல்டிமீட்டரில் அளந்தால் 9.6 ஓம். 75-க்குப் பெயர் இம்பிடன்ஸ். கம்பியின் தடையோடு காந்தத்தின் எதிர்ப்பும் அதில் கலந்திருக்கிறது. பவர் ஃபேக்டர் 1.00 என்று காட்டும் பொருள்களுக்கு மட்டும்தான் நேர் வகுத்தல் செல்லும்: கீசர், அயர்ன் பாக்ஸ், குண்டு பல்பு. பவர் ஃபேக்டர் இல்லாத மலிவு மீட்டரும் கடையில் இருந்தது, இருநூறு ரூபாய் குறைவு. அதை வாங்கியிருந்தால் கிரைண்டர் 635 வாட் தின்கிறது என்று நம்பி, நல்ல மோட்டாரைக் குறை சொல்லியிருப்பேன். அந்த இருநூறு ரூபாயை மிச்சம் பிடிக்காதீர்கள்.

இண்டக்ஷன் அடுப்பைப் பற்றிச் சுருக்கமாக: 400 வாட்டில் வைத்தால் எங்கள் அடுப்பு 400 வாட்டில் எரிவதில்லை. சில வினாடி 1,000 வாட், சில வினாடி பூஜ்யம் என்று மாறி மாறி ஓடுகிறது. பால் ஏன் பொங்கிப் பொங்கி அடங்குகிறது என்பது அன்றைக்குத்தான் விளங்கியது.

இனி குறைகள். திரையில் விளக்கு இல்லை. குளியலறை மாதிரி மங்கலான இடத்தில் டார்ச் அடித்துப் படிக்க வேண்டியிருக்கிறது. நேராகப் பார்த்தால்தான் எண் தெரியும், கீழிருந்து பார்த்தால் மறைந்துவிடும். பெட்டி அகலம் என்பதால் பக்கத்துச் சாக்கெட்டை மூடிவிடுகிறது. 16 ஆம்ஸ் என்று அச்சடித்திருந்தாலும் 8 ஆம்பியரிலேயே கால் மணி நேரத்தில் உடம்பு வெதுவெதுப்பாகிறது. இதை நிரந்தரமாகச் செருகி வைக்க மாட்டேன். சின்ன லோடுகளில் துல்லியம் போதாது. 9 வாட் எல்இடி பல்பு சில நேரம் 8.6, சில நேரம் 9.4. காலியாகச் செருகியிருக்கும் செல்போன் சார்ஜருக்குப் பூஜ்யம் காட்டுகிறது, அது உண்மையில் பூஜ்யம் இல்லை.

பெரிய குறை, பிளக் இல்லாத எதையும் இதில் அளக்க முடியாது. சீலிங் ஃபேன், டியூப்லைட், மோட்டார் பம்ப் எல்லாம் சுவருக்குள் நேராக இணைந்தவை. அதற்கு ஈபி மீட்டரையே நம்ப வேண்டியிருக்கிறது, அது இன்னும் நல்ல மீட்டர். எங்கள் வீட்டு மீட்டரின் முகத்தில் ஒரு யூனிட்டுக்கு 3200 துடிப்பு என்று அச்சடித்திருக்கிறது. சிவப்பு விளக்கு 3200 தடவை மினுங்கினால் ஒரு யூனிட். எல்லாவற்றையும் அணைத்துவிட்டு கீசரை மட்டும் போட்டோம். முதல் மினுங்கலைப் பூஜ்யமாக வைத்து இருபது வரை எண்ண 12.5 வினாடி ஆனது. ஒரு யூனிட் என்பது 36 லட்சம் ஜூல்; 3200-ஆல் வகுத்தால் ஒரு மினுங்கலுக்கு 1,125 ஜூல். 1,125 × 20 ÷ 12.5 = 1,800 வாட். என் 850 ரூபாய்ப் பெட்டி சொன்னது 1,797. பெட்டியின் மேல் எனக்கு முழு நம்பிக்கை வந்தது அந்த மதியம்தான். அதே முறையில் ஹால் ஃபேனை எண்ணினோம். முழு வேகத்தில் 76 வாட். ஒரு மினுங்கலுக்கும் அடுத்ததற்கும் நடுவில் பதினைந்து வினாடி. பொறுமையாக நின்று எண்ண வேண்டும்.

ரெண்டு மாதத்தில் 500 யூனிட்டைத் தாண்டினால் அதற்குக் கீழுள்ள யூனிட்டுகளுக்கும் சேர்த்து ரேட் ஏறுவதால், எங்கள் மாதிரி 480-க்கும் 520-க்கும் நடுவில் ஊசலாடும் வீடுகளுக்கு இந்த அளவுகள் நேராகப் பணம். நாங்கள் கீசரை ஆள் ஆளுக்குத் தனித்தனியாகப் போடாமல் ஒரே சூட்டில் இரண்டு பேர் குளிப்பதாக மாற்றிக்கொண்டோம். ஹாலுக்கு அடுத்த மாதம் பிஎல்டிசி என்ற, கரண்ட் குறைவாக இழுக்கும் ஃபேன் வாங்கப் போகிறோம்.

ஐந்துக்கு நான்கு நட்சத்திரம் தருவேன். குறைத்த ஒன்று அந்தத் திரைக்கு.

மகன் ஒரு வெள்ளைத் தாளைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் குளியலறைக் கதவின் வெளிப்பக்கம் ஒட்டியிருக்கிறான். மாதம் ஒரு வரி: தேதி, அணைந்திருக்கும்போது வோல்ட், எரியும்போது வோல்ட், ஆம்பியர், ஓம். கடைசி வரியில் வோல்ட் வித்தியாசம் 3.8, ஓம் 26.6. தாளின் அடியில் சிவப்புப் பேனாவில், '5 வோல்ட்டைத் தாண்டினால் கீசர் போடக் கூடாது, அண்ணாவைக் கூப்பிடணும்' என்று எழுதி, எலக்ட்ரீஷியன் தம்பியின் நம்பரையும் போட்டிருக்கிறான். போன வாரம் மாடி வீட்டு ஃப்ரிட்ஜைப் பார்க்க வந்த அந்தத் தம்பி, தாளை நின்று படித்துவிட்டு, மீட்டரை எந்தக் கடையில் வாங்கினேன் என்று கேட்டுக் குறித்துக்கொண்டு போனார்.